கூரையேறியவனின் மூச்சு

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி முதல் களுவாஞ்சிக்குடி வரையில், ஆண்டுக்காண்டு கிடுகு மாற்றும் சிரமத்துக்கும், வாவியோடு கடலும் சேர்ந்து வீசும் உப்புக்காற்றில் தகரம் துருவேறி உதிரும் கஷ்டத்துக்கும் பரிகாரமாக ஏழை மக்கள் கண்டது, ஊரார் 'சீற்' என்று சொல்லும் அஸ்பெஸ்டஸ் கூரையே ஆகலின், அதனை வேய்ந்தவர்களைப் பழிப்பது நியாயமாகாது. ஆயினும் அக்கூரையின் சுகம் ஒருவருக்கும் அபாயம் வேறொருவருக்குமாகப் பிரிந்து நிற்பதை எண்ணாதிருக்க இயலவில்லை.

சீற்றை அளவுக்கு அறுக்கும் தொழிலாளி கிரைண்டரை அழுத்தும்போது கிளம்பும் வெண்புழுதி அவன் புருவத்தில் மாவாகப் படிகிறது. அந்தியில் அவன் கழற்றிப் போட்ட சாரத்தைக் கிணற்றடியில் உதறித் தோய்க்கும் மனைவியும் அதே புழுதியைச் சுவாசிக்கிறாள். வெள்ளை உட்பட எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் விளைப்பன என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அப்புழுதியில் கண்ணுக்குப் புலனாகாத நார்கள் செய்யும் தீங்கோ இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தே பிரத்தியட்சமாகிறது. வீடு கைமாறி, வேலை கொடுத்தவரும் காலமாகி, எந்தக் கூரை என்று சுட்டவும் முடியாத நாளில் வரும் இருமலுக்கு யார் பொறுப்பேற்பார்? 1995இல் இந்திய உச்சநீதிமன்றம், அஸ்பெஸ்டஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டுகளேனும் காத்துவைக்கும்படி பணித்தது இக்காலதாமதத்தை அறிந்தே. இன்று காத்தான்குடியிலும் நாளை வாகரையிலும் நாட்கூலிக்குக் கூரையேறுகிறவனுக்கு அத்தகைய ஏடு ஏது?

நீல அஸ்பெஸ்டஸை 1987இல் தடுத்த இலங்கை, 2018 ஜனவரி முதல் வெள்ளையின் இறக்குமதியையும் நிறுத்துவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸை விற்பதும் நமது தேயிலையை வாங்குவதுமான ரஷ்யா, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று கொள்வனவை நிறுத்தவே, அரசாங்கம் தடையைக் கைவிட்டது. மலையகத்தில் கொழுந்து பறிப்பவளின் ஜீவனம் அற்பமான விஷயமன்று. அதைக் காக்க முற்பட்டவர்களின் சங்கடம் மெய்யானதே. ஆனால் ஒரு தொழிலாளியின் கூலிக்கு ஈடாக இன்னொரு தொழிலாளியின் சுவாசகோசத்தைப் பணயம் வைத்தபோது, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை. அந்த அநீதி பொறுக்கத்தக்கதன்று.

தடை வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு. அறுப்பதற்கு முன் சீற்றை நன்றாக நனைத்து, கிரைண்டரை விடுத்துக் கைவாள் கொண்டு அறுத்தால் புழுதி பெரிதும் அடங்கும். நுண்துகளைத் தடுக்கும் முகமூடியும் வேண்டும், வாயில் சுற்றிய துவாய் போதாது. இவற்றால் வேலை ஒருநாள் நீளுமாயின், அந்த ஒருநாட்கூலியைத் தரவேண்டியவர் அக்கூரையின் கீழ் உறங்கப்போகும் வீட்டுக்காரரே.