மௌனம் சம்மதமாகுமா?

பிறர் பிழையைக் கண்டும் காணாதிருப்பது பொறுமை என்னும் சற்குணத்தைச் சேருமா, வாய்மையினின்று வழுவிய குற்றமாகுமா என்பது அறநூலார்க்குப் பழகிய விசாரமேயாயினும், ஒருவர் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் அவரை அறியாத ஆயிரம் பேருக்கு அவர் ஸ்தானத்திலிருந்து விடையளிக்கும் கணினித் துறையிலும் அக்கேள்வி எழவே செய்கிறது.

மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கத் தொடங்குமுன், எந்த அம்சம் வேண்டும், எது வேண்டாம் என்று பயனரைக் கேட்டறிவது பில்ட் ஸ்கிரிப்ட்டின் கடமை. சிமேக் என்னும் கருவியில் ஓர் அம்சத்தை விலக்க விரும்புகிறவர், அதன் பெயருக்கு நேரே ‘ஆஃப்’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை இடுவது வழக்கம். அவசரத்தில் ஈற்றெழுத்து விடுபட்டுப்போனால், மறுப்பைக் குறிப்பனவாக வகுக்கப்பட்ட சில சொற்களைத் தவிர வேறு எந்த மதிப்பு மாறியில் இருப்பினும் அதனை உடன்பாடாகவே கொள்வது அக்கருவியின் நியதியாதலால், வேண்டாமென்று விலக்கிய அம்சமே எச்சரிக்கை ஏதுமின்றி மென்பொருளுக்குள் புகுந்துவிடுகிறது.

இத்தகைய மௌனத்துக்கும் ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. பல மென்பொருள்களை ஒரே கட்டளையால் அமைக்க வசதியாக, கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் தனக்குச் சம்பந்தமில்லாத ‘எனேபிள்’, ‘வித்’ ஆப்ஷன்களையும் மறுக்காமல் ஏற்க வேண்டும் என்பது க்னூ மென்பொருள் திட்டத்தின் நெறிமுறை. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை ஆக்கித்தரும் கருவியான ஆட்டோகான்ஃப் அவற்றைக் குறித்து எச்சரித்துவிட்டு மேலே செல்லும். கண்டிப்பை விரும்புவோர் அதனையே பிழையாக்கி நிறுத்திக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. பிறர்க்குரிய சொல்லை அமைதியாக விட்டுவிடுவது சமரசம். தன்னை நோக்கியே சொல்லப்பட்ட சொல்லின் பிழையை விழுங்கிவிட்டு, இணங்கியதுபோல் நடிப்பது வஞ்சனை. முன்னதன் பெயரால் பின்னதற்கு நியாயம் கற்பிக்கலாகாது.

இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளுமாறு வள்ளுவர் அரசர்க்கு உரைத்தார். ஆனால் இடித்துரைப்பதற்கும் ஒரு தர்மம் உண்டு. ‘உள்ளீடு தவறு’ என்று மட்டும் சொல்லி நிற்பது அதட்டலேயன்றி அறிவுரையன்று. எந்த ஆப்ஷன், பயனர் தந்த மதிப்பு யாது, ஏற்கத்தக்கவை எவை என்ற மூன்றையும் அவர் எழுதிய சொல்லையே எடுத்துக்காட்டிச் சொல்வதே பயன் தரும். அதுவும், நெடுநேரம் கம்பைல் ஆன பின்னர் எங்கோ ஒரு கோப்பில் புரியாத பிழையாக வெடிப்பதற்கு முன்பே, தொடக்கத்திலேயே சொல்லப்பட வேண்டும்.

சிமேக்கில் ‘ஃபேட்டல் எரர்’ என்ற குறிப்புடன் எழுதும் ஒரு செய்தி, கட்டமைப்பை அங்கேயே நிறுத்திவிடும். ஸ்கிரிப்ட் எழுதும் அன்பர்கள், பயனர் மனம் நோகுமே என்று அந்த வரியை எழுதத் தயங்க வேண்டாம். அவர் கேட்டதற்கு மாறானதை அவர் அறியாமலே கொடுத்தனுப்புவதுதான் அவருக்குச் செய்யும் துரோகம்.