கெர்மானில் ஒரு கொடி, உக்கடத்தில் ஒரு கிஸ்தி

1894இல் பெர்சி சைக்ஸ் என்ற இளம் படை அதிகாரி, தென்கிழக்குப் பாரசீகத்தின் கெர்மான் நகரில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தைத் தொடங்கினார். பாலைவனத்தின் விளிம்பில், கம்பளத்துக்கும் சால்வைக்கும் பேர்போன ஊர் அது. அங்கே பிரிட்டிஷ் பிரஜைகள் என்று சொல்லத்தக்கவர்கள் சொற்பம். அவர்களிலும் சிந்துப் பக்கமிருந்து போன இந்து வணிகர்கள் உண்டு. வராத கடன், வழியில் கொள்ளை போன சரக்கு, இறந்தவரின் சொத்து என்று அவர்களுடைய வழக்குகளைப் பார்ப்பது தூதரின் பகல்நேர வேலை. பாதைகளை அளப்பது, கிணறுகளைக் குறித்துக்கொள்வது, எந்தக் குலத் தலைவர் யார் பக்கம் சாய்கிறார் என்று எழுதி அனுப்புவது, ரஷ்யரின் நடமாட்டத்தைக் கவனிப்பது என்று இன்னொரு வேலையும் இருந்தது. அந்த இரண்டாவது வேலைக்காகவே முதல் வேலை இருந்தது என்றால் பெரிய தவறில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பாரசீகத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதிகளை வைத்திருக்க ஆன செலவில் ஒரு பங்கை இந்தியக் கருவூலம் சுமந்தது. பங்கு எவ்வளவு என்பதில் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இழுபறி. இந்தியாவின் செலவுக் கணக்கை ஆராய 1895இல் அமைந்த வெல்பி ஆணையத்தின் முன் இந்த விஷயமும் வந்தது. பேரரசின் தேவைக்கு ஆகும் செலவை இந்தியாவின் தலையில் கட்டக் கூடாது என்று வாதாடிய தாதாபாய் நவ்ரோஜி அந்த ஆணையத்தின் உறுப்பினர். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தனி அறிக்கையில் கையெழுத்திட்டார். அந்தக் கருவூலத்தை நிரப்பியதில் நிலவரி முக்கியமானது. 1876–78 பஞ்சத்திலிருந்து கோயம்புத்தூர் ஜில்லா எழுந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலம். உக்கடம் பெரியகுளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்த குடியானவர் கட்டிய கிஸ்தியும் அதே பெட்டியில்தான் விழுந்தது. கெர்மான் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

கேட்காதவரின் காசில், கேட்காதவரின் மண்ணில் நிறுத்தப்பட்ட ஒரு அலுவலகம் நல்லது செய்தால், அந்த நன்மையை எந்தக் கணக்கில் எழுதுவது? அது நடிப்பு என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுவது சோம்பேறித்தனம். ஏனென்றால் நன்மை உண்மையாகவே நடந்தது. பாரசீக வளைகுடாக் கரையில் பூஷேரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்சியும் வளைகுடாவில் அதன்கீழ் இருந்த ஏஜென்சிகளும், தப்பி ஓடிவந்த அடிமைகளுக்கு விடுதலைச் சான்று எழுதிக் கொடுத்தன. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கடத்தப்பட்டவர்கள், பலுசிஸ்தானத்தில் பிடிபட்டவர்கள், முத்துக்குளிக்க விற்கப்பட்டவர்கள் எனப் பலரும் அந்த வாசலுக்கு வந்தார்கள். கையில் அந்தத் தாளோடு வெளியே போனவருக்கு, அதை எழுதியவரின் உள்நோக்கத்தால் ஆவது என்ன? அவர் பிழைத்தார். அறம் பேசுகிறவர்கள் அவருடைய தரப்பிலிருந்து தொடங்குவதுதான் முறை.

ஆனால் அங்கேயே நின்றுவிடவும் முடியாது. பூஷேர் ரெசிடென்சியை நடத்தியது இந்திய அரசு. அதே இந்திய அரசின் சட்டப் புத்தகத்தில் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால், மாஜிஸ்திரேட் அவரைத் திரும்ப வேலைக்குப் போகவோ பணத்தைக் கட்டவோ உத்தரவிடலாம். மறுத்தால் மூன்று மாதம்வரை சிறை. தென்னிந்தியத் தோட்டத் துரைமாருக்குக் கைகொடுத்த சட்டம் இது. ஆனைமலையில் காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டு, கீழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து மேலே ஏற்றிய ஆண்டுகளில் அது நடப்பில் இருந்தது; நீக்கும் சட்டம் வந்தது 1925இல். இலங்கைத் தோட்டங்களிலோ, தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டு அவரை ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குக் கைமாற்றியது. அதை ஒழிக்க 1921 ஆயிற்று. வளைகுடாவில் ஓடிவந்தவருக்கு விடுதலைத் தாள். வால்பாறை மலையிலிருந்து ஓடியவருக்குச் சிறை.

இதைப் பாசாங்கு என்று மட்டும் சொன்னால் விஷயத்தின் பாதிதான் பிடிபடும். பூஷேரில் தாள் எழுதிய அதிகாரி மனமறிந்த நல்லவராகவே இருந்திருக்கலாம். சிக்கல் அவர் மனத்தில் இல்லை. காப்பாற்றப்பட்டவருக்கு அவர் கடன்பட்டிருக்கவில்லை என்பதுதான் சிக்கல். நாளைக்கே சிம்லாவிலிருந்து வேறு உத்தரவு வந்தால் வாசல் மூடும். வெளியே நிற்பவர் எதைச் சொல்லிக் கேட்பார்? உரிமை என்றால் வாதாட ஓர் இடம் இருக்க வேண்டும். தயவுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது.

கெர்மானிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் உண்டு. அங்கும் யஸ்திலும் வாழ்ந்த ஜொராஸ்ட்ரியர்கள் நெடுங்காலம், முஸ்லிம் அல்லாதவர்மீது விதித்த ஜிஸ்யா வரி கட்டி, பல அவமதிப்புகளுக்கு உட்பட்டு இருந்தவர்கள். பம்பாய்ப் பார்சிகள் தங்களுக்குள் பணம் திரட்டி, மானெக்ஜி லிம்ஜி ஹத்தாரியா என்பவரைத் தங்கள் ஏஜெண்டாக 1854இல் அனுப்பினார்கள். அவர் மனு எழுதி, பள்ளி திறந்து, அரசவையில் காத்துக் கிடந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து 1882இல் அந்த வரியை ஷா நீக்கினார். மானெக்ஜி பிரிட்டிஷ் பிரஜை. டெஹ்ரானில் இருந்த பிரிட்டிஷ் தூதரின் செல்வாக்கும் அவருக்கு உதவியது. அந்தச் செல்வாக்கு இல்லாமல் வெறும் மனுவால் முடிந்திருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான். இருந்தாலும் அவர் யாருக்குக் கடிதம் எழுதினார் என்பதைப் பார்க்க வேண்டும். தன்னை அனுப்பியவர்களுக்கு எழுதினார். அவர்கள் அந்த மக்களின் உறவுகள். வரி நீங்கிய பிறகு அந்த ஊரில் அவருக்கு வேறு ஆதாயம் எதுவும் காத்திருக்கவில்லை.

சைக்ஸுக்குக் காத்திருந்தது. 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் பாரசீகத்தைக் கேட்காமலேயே அதை மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டபோது, கெர்மான் பிரிட்டிஷ் பக்கம் வந்தது. 1916இல் அதே சைக்ஸ் ‘தென் பாரசீகத் துப்பாக்கிப் படை’யைத் திரட்ட வந்து இறங்கினார். முன்பு அளந்த பாதைகள் வீண்போகவில்லை. இடைப்பட்ட காலம் முழுக்க, அந்த ஊர்த் தெருவில் இரண்டு நீதி நடந்தது. தூதரகத்தின் நிழலில் இருந்தவருக்கு ஒரு சட்டம், பக்கத்து வீட்டுப் பாரசீகருக்கு வேறு சட்டம். 1828இல் துருக்மன்சாய் உடன்படிக்கை ரஷ்யருக்குக் கொடுத்த சலுகையை மற்ற ஐரோப்பியரும் தங்களுக்கும் கேட்டு வாங்கியதால் வந்த நிலை அது. 1928இல் ரேஸா ஷா அதை ரத்து செய்தார். காக்கப்பட்டவரின் பாதுகாப்பு, காக்கப்படாத அண்டை வீட்டாரின் இழிவால் ஆனது என்றால் அதன் விலையில் பாதியைக் கட்டியவர் அந்த அண்டை வீட்டார்தான்.

தமிழருக்கென்றும் இப்படி ஓர் அலுவலகம் பின்னால் வந்தது. 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இலங்கைக்குக் கண்டியிலும் மலேயாவுக்குக் கோலாலம்பூரிலும் இந்திய அரசின் ஏஜெண்டுகள் அமர்ந்தார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்க் கூலியையும் லயத்தையும் பார்த்து ஆண்டறிக்கை எழுதினார்கள். சில இடங்களில் கூலி உயரவும் காரணமாக இருந்தார்கள். 1941இல் மலேயாவின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் வெடித்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் கோரிக்கைகளில் ஒன்று. அதை அடக்க வந்த படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். காக்க அனுப்பப்பட்ட ஏஜெண்டும் சுட வந்த சிப்பாயும் ஒரே இந்தியாவிலிருந்து போனவர்கள்.

அந்தக் காலம் முடிந்துவிட்டது, இன்று இருப்பது நம் தூதரகம் என்று ஆறுதல் சொல்லலாம். பெரும்பாலும் அது சரியும்கூட. உக்கடம் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்தின் அன்றைய விலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் மீன்பிடித் தொழிலை நம்பிய குமரி, தூத்துக்குடிக் கரை ஆட்கள் ஒப்பந்தத்தில் ஈரானுக்குப் போய் அங்குள்ள முதலாளிகளின் படகில் வலை வீசுவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2020இல் கொரோனா பரவியபோது அவர்கள் பாரசீகக் கரையில் படகுகளிலும் கொட்டகைகளிலும் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். பந்தர் அப்பாஸில் இந்தியாவுக்கு ஒரு துணைத் தூதரகம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொடி ஒருகாலத்தில் பறந்த அதே துறைமுகம். ஐஎன்எஸ் ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் அங்கிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. அவர்களில் பலர் இந்த மீனவர்கள். இது நல்ல காரியம், நம் காசில் நம்மவருக்கு நடந்த காரியம். சைக்ஸின் கணக்கோடு இதைச் சேர்த்து எழுதக் கூடாது.

ஆனாலும் பழைய கேள்வி முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. வெளிநாட்டில் சிக்கியவருக்கு உதவ 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியில், தூதரகச் சேவைக்கு வருகிறவரிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தே பணம் சேர்கிறது. அதாவது கொடுப்பவரும் பெறுபவரும் இப்போது ஏறக்குறைய ஒரே கூட்டம். கெர்மானைவிட இது நேர்மையான ஏற்பாடு. இனிப் பார்க்க வேண்டியது, அந்த அலுவலகம் சரியாக நடக்காவிட்டால் கேட்கும் வலு அவர்களிடம் உண்டா என்பது. 2010இல் வந்த சட்டத் திருத்தம், வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வழிசெய்தது. ஆனால் வாக்களிக்க அவர்கள் நேரில் தொகுதிக்கு வர வேண்டும். அரசுப் பணியில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கோ தபால் வாக்கு உண்டு. ஆகவே பந்தர் அப்பாஸ் தூதரக அதிகாரி தன் மேசையில் இருந்தபடியே வாக்களிக்கலாம். அவர் யாருக்காக அங்கே இருக்கிறாரோ அந்த மீனவர், முதலாளியிடம் விடுப்புக் கேட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, ஊருக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும்.