காணாததை விரும்புவது எங்ஙனம்?

"பையனுக்கு மேலே படிக்க விருப்பமில்லை" என்னும் சொல்லை நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கின்றோம். பொறியியல் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் மகனைப் பற்றித் தகப்பனார் அவ்வாறு சொல்கிறார். கல்லூரி ஆசிரியரும் அதையே சொல்கிறார். பையனும் ஆமென்று தலையசைக்கிறான். மூவரும் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் அச்சொல்லுக்குள் ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. விருந்துக்கு அழைக்கப்பட்டவன் வராதிருந்தால் அதை மறுப்பு என்கிறோம். விருந்து நடப்பதையே அறியாதவன் வராதிருந்தால், அதற்கும் மறுப்பு என்று பெயரிடலாமோ?

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலோ சுமார் 72 விழுக்காடு. இத்தகைய மாவட்டத்தில், விழுப்புரத்தை அடுத்த காக்குப்பத்திலும் திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இரண்டு நடைபெறுகின்றன. கரும்பும் மணிலாவும் பயிரிடும் சிறு விவசாயியின் பிள்ளையும், மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் பிள்ளையும், கடைவீதியில் சிறு வாணிபம் செய்யும் முஸ்லிமின் பிள்ளையும் எட்டக்கூடிய தொலைவில் இன்று பொறியியல் கல்வி இருக்கிறது. 2007இல் வந்த முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும், 2010 முதல் வழங்கப்படும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் முதல் வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றன.

ஆனால் அடுத்த வாயில்? 2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளைப் பற்றி ஒரு கணக்குத் தந்தது. அங்கே இளநிலை மாணவர் இருபத்தைவரில் ஒருவர் முஸ்லிம். முதுநிலையிலோ ஐம்பதின்மரில் ஒருவர். ஒரு படி ஏறுவதற்குள் பங்கு பாதியாகிவிடுகிறது. ஏறியவர்களுக்கு அறிவு குறைந்துவிட்டதென்று எவரும் வாதிட முடியாது. முதற்படியைத் தேறி வந்தவர்களே அவர்கள்.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளை ஆராய்ச்சி என்பது என்னவென்று சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. எந்தத் தேர்வு எழுத வேண்டும், எவருக்குக் கடிதம் எழுத வேண்டும், உதவித்தொகை உண்டா என்பதெல்லாம் அதற்குக் காற்றோடு வந்து சேர்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு இவற்றைச் சொல்வார் எவருமிலர். ஆகவே வேலை என்னும் ஒரே பாதை அதன் கண்ணில் படுகிறது. ஒரே பாதையைக் கண்டவன் அதில் நடப்பதைத் தேர்வு என்று சொல்வது வழக்கமேயன்றி உண்மையாகாது.

இக்குறையைத் தீர்க்கவல்ல ஏற்பாடுகளில் ஒன்று கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரு தேசிய அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து இதனை நடத்தி வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் கோடையில் வெளிக்கல்லூரி மாணவரை இவ்வாறு ஏற்று வருகிறது. தெரிந்தெடுக்கப்படும் மாணவர் ஏறத்தாழ இரண்டு மாதம் ஓர் அறிஞரின் கீழ் இருந்து, விடை இன்னும் எவருக்கும் தெரியாத ஒரு கேள்வியின் சிறு பகுதியில் உழைக்கிறார். உதவித்தொகையும் உண்டு. அமெரிக்காவிலும் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இதையொத்த திட்டத்தை நடத்தி வருகிறது. ஆராய்ச்சி வசதி குறைந்த கல்லூரிகளின் மாணவரையும், இத்துறையில் எண்ணிக்கை குறைந்த சமூகத்தாரையும் தேடிச் சேர்ப்பதை அது தன் நோக்கங்களுள் ஒன்றாகவே கொண்டிருந்தது.

இம்முறை நமக்குப் புதிதன்று. கிதாபுகளை விலைக்கு வாங்கி வீட்டில் அமர்ந்து படித்தவரை நாம் ஆலிம் என்று அழைப்பதில்லை. அவர் வேலூருக்கோ லால்பேட்டைக்கோ சென்று, உஸ்தாதின் முன் மண்டியிட்டு, அவர் ஐயுறுவதையும் ஆராய்வதையும் அருகிருந்து கண்டு தேற வேண்டும். இந்த உடனிருப்பை ஸுஹ்பத் என்கிறோம். ஆராய்ச்சியும் அங்ஙனமே. அறிஞர் ஒருவர் ஒரு சோதனையில் ஐந்து முறை தோற்று, ஆறாம் முறைக்கு ஆயத்தமாவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மாணவனுக்கு, தானும் அவ்வாறு செய்யலாம் என்னும் எண்ணம் உதிக்கிறது. அதுவே விருப்பத்தின் வித்து.

இதற்கு இரு தடைகள் எழுப்பப்படுகின்றன. திறமையுள்ளவன் தானே தேடி வருவான். தேடிப்போய் அழைப்பது சலுகையாகும் என்பது ஒன்று. இத்தகைய பயிற்சிகள் சிலவற்றுக்கு விண்ணப்பத்தோடு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். செய்தி எட்டாத ஊரிலிருந்து, பரிந்துரைக்க முன்வரும் ஆசிரியர் இல்லாத வகுப்பிலிருந்து, விண்ணப்பமே போவதில்லை. தராசில் ஏறாத பொருளை எடை குறைந்ததென்று சொல்லுதல் நீதியாகாது. அழைப்பதனால் எவருடைய எடையும் கூட்டப்படுவதில்லை. அனைவரும் தராசில் ஏற வழி பிறக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது தடை கனமானது. மூத்த மகன், வீட்டில் கடன், திருமணத்துக்குத் தங்கை. இவனை ஐந்தாண்டு ஆராய்ச்சிக்கு அழைப்பது பெற்றோரின் உரிமையைப் பறிப்பதாகாதா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட நாம் துணியோம். பெற்றோரின் உரிமை பெரிது. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் மருத்துவத்தையும் கணிதத்தையும் பர்ளு கிஃபாயாவாக, அதாவது ஊராரில் சிலரேனும் நிறைவேற்றினாலன்றி அனைவர் மீதும் பொறுப்பாய் நிற்கும் கடமையாக எண்ணியிருக்கிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் இல்லாதிருக்க, எல்லோரும் சட்டக் கலைக்கே முந்துவதைக் கண்டு அவர்கள் வருந்தியதும் அந்நூலில் உண்டு. கடமை ஊருக்குரியது என்றால் அதன் செலவும் ஊருக்குரியதே. ஊரின் கடமையை ஓர் ஏழை வீட்டின் தலையில் ஏற்றிவிட்டு, அவ்வீடு தாங்காதபோது "அவனுக்கு விருப்பமில்லை" என்று சொல்லி ஒதுங்குவதே அநீதி.

செலவைப் பற்றிய அச்சத்தில் ஒரு பகுதி அறியாமையால் வருவது. ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் உதவித்தொகையுடன் முழுநேர ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. வீட்டுக்கும் ஓரளவு அனுப்பலாம். எனினும் உள்ளே சேரும்வரை உள்ள இடைக்காலமே கடினம். சிறுபான்மையினருக்கென 2009இல் தொடங்கிய மௌலானா ஆஸாத் ஆராய்ச்சி உதவித்தொகையும் 2022–23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் ஜமாஅத்துகளும் செல்வர்களும் நிற்க வேண்டும். ஒரு மாணவனின் வீட்டுக் கடனுக்கு ஓராண்டுத் தவணையை ஏற்பது, ஒரு கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைப்பதினும் எளிது.

செய்ய வேண்டியவை சிலவே. மூன்றாம் ஆண்டு மாணவருக்குக் கோடைப் பயிற்சிகளின் விண்ணப்ப நாளைக் கல்லூரியும் ஜமாஅத்தும் காலத்தில் அறிவிக்கலாம்; கோடை தொடங்குவதற்கு முன்னரே அந்நாள் கடந்துவிடுவது வழக்கம். பரிந்துரைக் கடிதம் எழுதுவதை ஆசிரியர் தம் பணியின் பகுதியாகக் கொள்ளலாம். மகளை அனுப்பத் தயங்கும் தாய்தந்தையர் தாமே சென்று விடுதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். திண்டிவனத்திலிருந்து சென்னை மூன்று மணி நேரப் பயணந்தானே! உடன் பயிலும் பிற சமூகத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் இச்செய்தி சேர்வதே முறை. அறிவுக்கு அழைப்பதில் அண்டை வீட்டானை விட்டுவிடுதல் தகாது.

இரண்டு மாதம் இருந்து பார்த்து வந்த மகன், "எனக்கு இது வேண்டாம், வேலைக்கே போகிறேன்" என்று சொல்லக்கூடும். அப்போது அவனைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. அவன் கண்டு சொல்கிறான், அச்சொல் அவனுடையது. அதை ஏற்று வாழ்த்துவோம். அதுவரை, அவனுக்கு விருப்பமில்லை என்னும் சொல்லை அவன் சார்பில் நாம் சொல்லாதிருப்போமாக.