மலைவழிப் பராமரிப்பும் ஊதியமில்லா உழைப்பின் அறமும்

எல்லார்க்கும் பொதுவான ஒன்றைச் சிலர் ஊதியம் பெறாமல், தம் விருப்பத்தாலேயே தலைமுறைகளாகப் பேணிவரும்போது, அதைப் பேண வேண்டிய கடமை யாருடையது என்னும் கேள்வி எழுகிறது. இக்கேள்வியைப் பொதுநிலையில் வைத்துப் பேசினால் விடை எளிதாகத் தோன்றும். குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு வேலையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் சிக்கல் புலப்படும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை, பதினான்கு மாநிலங்களினூடே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைவழி அத்தகைய இடம். வனவியலாளரும் வட்டாரத் திட்டமிடலாளருமான பென்டன் மெக்காய் 1921இல் முன்வைத்த எண்ணம் அது. 1925இல் அதற்கென ஓர் அமைப்பு உருவாகி, மைரன் ஏவரி என்னும் வழக்கறிஞரின் விடாப்பிடியான தலைமையில் 1937இல் வழி முழுமையடைந்தது. 1968ஆம் ஆண்டின் தேசிய நடைவழிகள் சட்டம் அதைத் தேசிய நடைவழியாக ஏற்றது. ஆயினும் இன்றுவரை அதை அன்றாடம் பேணிவருவோர், வழியைப் பகுதி பகுதியாகப் பகிர்ந்துகொண்ட ஏறத்தாழ முப்பது சங்கங்களின் தன்னார்வலர்களே. ஆண்டுதோறும் அவர்கள் தரும் உழைப்பு லட்சக்கணக்கான மணி நேரம்.

அந்த உழைப்பு எத்தகையது என்பதை அறியாமல் அதன் அறத்தைப் பேச இயலாது. மலைவழிக்கு முதற்பகை நடப்போரின் கால் அன்று, நீர். பல்லாயிரம் பேர் மிதித்து இறுகிய மண் மழையை உறிஞ்சாது. சரிவின் போக்கிலேயே பாதை இறங்குமானால், நீர் அதையே ஓடையாக்கிக்கொண்டு மண்ணை அரித்துச் செல்லும். பள்ளம் விழுந்த பாதையில் கால் வைக்கத் தயங்குவோர் ஓரத்துச் செடிகளை மிதித்து விலகி நடப்பதால், ஒற்றையடிப் பாதையாக இருந்தது சில ஆண்டுகளில் வண்டித்தடம் போல் அகன்று சிதையும். இதைத் தடுக்கப் பாதையின் குறுக்கே சாய்வாக மரக்கட்டையையோ கற்களையோ புதைத்து, நீரை ஓரத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். சாய்வு போதாவிட்டால் நீர் தேங்கி, வண்டல் படிந்து, கட்டைக்கு மேலாக வழியும். சாய்வு மிகுந்தால் விசையோடு ஓடி, கட்டையின் அடிமண்ணையே அறுக்கும். சரியான கோணத்தில் வைத்த கட்டையும் ஆண்டுதோறும் வண்டலை வாரி எறியாவிட்டால் விரைவிலேயே பயனற்றுப்போகும். 1964ஆம் ஆண்டின் காட்டுநிலச் சட்டத்தால் காக்கப்படும் பகுதிகளில் மோட்டார் கருவிகளுக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்பதால், புயலில் வீழ்ந்த பெருமரங்களை இருவர் இருபுறமும் நின்று இழுக்கும் நீண்ட கைரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். இரு முனைகளும் தாங்க, நடுப்பகுதி தொங்கிக் கிடக்கும் மரத்தில் மேற்பக்கம் நெருக்குண்டும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். அதை அறியாமல் மேலிருந்து அறுப்பவரின் ரம்பத்தை மரம் கவ்விக்கொள்ளும், அல்லது அறுபட்ட துண்டு எதிர்பாராத திசையில் உருண்டு ஆளைச் சாய்க்கும். ஆகவேதான் ரம்பம் பிடிக்கும் தன்னார்வலர்க்கும் பயிற்சியும் தகுதிச் சான்றும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன.

ஓய்வு நேரத்தில் குப்பை பொறுக்கும் தொண்டு அன்று இது. தேர்ச்சி வேண்டும் தொழில், அதுவும் ஒருபோதும் முடியாத தொழில். இந்த முடிவின்மையில்தான் அறச்சிக்கலின் வேர் இருக்கிறது. ஒருமுறை கட்டித் தரப்பட்ட மண்டபம் ஐயமின்றிக் கொடையே. ஆண்டுதோறும் செய்தாக வேண்டியதும், செய்யாவிட்டால் அழிந்துபோவதுமான பராமரிப்பைக் கொடையாகப் பெறுபவர், அது அடுத்த ஆண்டும் வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்குகிறார். அந்த எதிர்பார்ப்பை நம்பித் தம் செலவுக் கணக்கையும் வகுத்துக்கொண்டால், கொடுப்பவரின் விருப்பம் பெயரளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அவர் நிறுத்திக்கொள்ளலாம்தான், ஆனால் நிறுத்தினால் வழி அழியும் என்ற நிலையில், வழியை நேசிக்கும் ஒருவரிடம் அந்த உரிமை எவ்வளவு எஞ்சியிருக்கிறது?

ஊதியமில்லா உழைப்பு என்றாலே சுரண்டல் என்று கொள்வதும் பிழை. இரத்த தானத்தைப் பற்றி 1970இல் நூலெழுதிய பிரித்தானியச் சமூகவியலாளர் ரிச்சர்ட் டிட்மஸ், பிறர்க்கு இலவசமாகக் கொடுக்கும் வாய்ப்பே ஒரு சமூகத்தின் செல்வம் என்றும், எல்லாவற்றுக்கும் விலை வைத்தால் அந்த வாய்ப்புக் குறையும் என்றும் வாதிட்டார். மலைவழியில் அவ்வாதத்துக்கு வலுவான சான்று உண்டு. ஒரே மூன்று கிலோமீட்டரைப் பல ஆண்டுகள் பேணியவர், எந்தத் திருப்பத்தில் ஊற்று கசியும், எந்தப் பாறை பனிக்காலத்தில் நெகிழும் என்பதையெல்லாம் அறிந்திருப்பார். மாற்றலாகிச் செல்லும் அலுவலர்க்கு அந்த அறிவு வாய்ப்பது அரிது. நடைவழிக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்ததிலும் சங்கங்களின் இடைவிடாத வற்புறுத்தலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1984இல் தேசியப் பூங்காத் துறை, நடைவழிக்கென வாங்கிய நிலங்களின் அன்றாட நிர்வாகத்தைத் 1925இல் உருவான தன்னார்வ அமைப்பிடமே ஒப்படைத்தது; உழைப்போடு அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்த அந்த ஏற்பாடு, உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைவிட அறத்தால் மேலானது என்பதில் ஐயமில்லை.

எனினும், மலைவழி என்றாலே தன்னார்வலர் வேலை என்னும் எண்ணத்துக்கு வரலாறு முழுமையாகத் துணைநிற்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைத் தொடரில் அப்பலாச்சியன் மலையேற்றச் சங்கம் 1919 முதலே கூலி கொடுத்து இளைஞர் குழுக்களை அமர்த்தியது. பெருமந்தக் காலத்தில், 1933 முதல் 1942 வரை இயங்கிய குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படை, வேலையற்ற இளைஞர்களைக் காடுகளுக்கு அனுப்பி, மாதம் 30 டாலர் கொடுத்து, அதில் பெரும்பகுதியை அவர்கள் வீட்டுக்கு அனுப்பியது. 1937 ஆகஸ்ட் 14 அன்று மெய்ன் மாநிலத்தில் ஸ்பால்டிங், சுகர்லோஃப் மலைகளுக்கு இடையே அப்பலாச்சியன் நடைவழியின் கடைசி இடைவெளியை இணைத்தவர்கள் அந்தக் கூலி பெற்ற இளைஞர்களே. தன்னார்வத்தின் தலைசிறந்த சின்னமாகப் போற்றப்படும் வழியின் இறுதி முடிச்சைப் போட்டவர்கள், குடும்பத்துக்குச் சோறு அனுப்புவதற்காக உழைத்தவர்கள் என்பது மறக்கத்தக்க செய்தி அன்று. ஒரு வேலையைப் புனிதமானது என்று சொல்லிக் கூலியிலிருந்து விலக்கும்போது, அவ்வேலையால் பிழைத்திருக்கக்கூடிய ஒருவர் கணக்கிலிருந்து மறைகிறார்.

இதைவிட ஆழமான குறை அரசின் நடத்தையில் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் ஏறத்தாழ 1,58,000 மைல் நடைவழிகள் இருந்தும், அவற்றில் கால்பங்கு மட்டுமே துறையின் சொந்தத் தரவிதிகளை நிறைவுசெய்கிறது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013இல் அறிக்கை தந்தது. அதற்கு விடையாக 2016இல் இயற்றப்பட்ட நடைவழிப் பேணல் சட்டம், தன்னார்வலர்களும் கூட்டாளி அமைப்புகளும் செய்யும் பராமரிப்பை ஐந்தாண்டுகளில் இருமடங்காக்குவதை இலக்காக வகுத்தது. ஊழியர்க்குத் துணையாகவே தன்னார்வலர் என்றுதான் அச்சட்டமும் கூறுகிறது. அதை இயற்றியோரின் நல்லெண்ணத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிறர் மனமுவந்து தருவதன் அளவை ஓர் அரசு தன் சட்டத்தில் இலக்காக எழுதும்போது, துணைக்கும் மாற்றுக்கும் இடையிலான கோடு மங்கத் தொடங்குகிறது. தன்னார்வலரின் ஒரு மணி நேரத்துக்கு முப்பது டாலருக்கு மேற்பட்ட மதிப்புப் போட்டு ஆண்டறிக்கைகளில் கூட்டிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நடைவழிகளுக்கான கூட்டாட்சி மானியத்தைப் பெறும் அமைப்புகள், தம் பங்காகக் காட்ட வேண்டிய தொகையில் அந்த மணி நேரங்களையும் சேர்த்துக்கொள்ள முடிகிறது. கொடுத்தவர் எண்ணாமல் கொடுத்தது, பெற்றவரின் ஏட்டில் ரொக்கத்துக்கு நிகராகிறது. 2025 பிப்ரவரியில் வனத்துறை தகுதிகாண் நிலையிலிருந்த ஊழியர்களை ஆயிரக்கணக்கில் நீக்கியபோது, இந்த ஏட்டுக் கணக்கின் பொய்மை வெளிப்பட்டது. எந்த இடத்தில் எந்த வேலை முந்த வேண்டும் என்று முடிவெடுக்கவும், ரம்பச் சான்றுக்குத் தேர்வு வைக்கவும், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு வழிசெய்யவும் ஊழியர் வேண்டும். தன்னார்வலர் ஊழியரை ஈடுசெய்வதில்லை, ஊழியர் இருந்தால்தான் தன்னார்வலரே இயங்க முடியும்.

பொதுவழிகளை ஊதியமின்றிப் பேணச் செய்வது அந்நாட்டுக்குப் புதிதும் அன்று. 21 முதல் 45 வயது வரையிலான உடல்வலிமையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் சாலை வேலை செய்ய வேண்டும் என்ற புளோரிடா மாநிலச் சட்டம், அடிமை உழைப்பைத் தடைசெய்யும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு முரணானது அன்று என்று உச்ச நீதிமன்றம் 1916இல் தீர்ப்பளித்தது. தமிழ் வாசகர்க்கு, ஊரார் ஏரியைச் செப்பனிட்ட குடிமராமத்து நினைவுக்கு வரும். வழக்கமாக நடந்த அந்த ஊர்ப்பணியையும் 1858இல் சென்னை மாகாணத்தின் கட்டாய உழைப்புச் சட்டம் தண்டனைக்குரிய கடமையாக்கியது. இவ்வகைக் கட்டாயங்களை இன்று யாரும் விரும்பமாட்டார். ஆனால் அவற்றில் ஒரு நேர்மை இருந்தது: சுமை இன்னது, அதைச் சுமப்போர் இன்னார் என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. ஏரியைச் செப்பனிட்டவரின் வயலுக்கே ஏரி நீரும் பாய்ந்தது. தன்னார்வத்தை இலக்காக வைக்கும் ஏற்பாட்டில் சுமை யார் பெயரிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே அது கண்டும் காணாமல் போக மனம் வராதவர் தோளில் மட்டும் இறங்குகிறது, பயனோ எங்கிருந்தோ வந்து நடந்து செல்லும் இலட்சக்கணக்கானோர்க்குப் போகிறது. மனச்சான்று மிக்கோர்மீது மட்டும் விழும் வரியை எந்த நீதிக் கோட்பாடும் ஏற்காது.

கொடுக்க இயலாதவர்களைப் பற்றியும் ஒரு சொல். தென் வர்ஜீனியாவைத் தளமாகக் கொண்ட கொன்னராக் குழு போன்றவை 1980களிலிருந்து உணவும் தங்குமிடமும் பயிற்சியும் தந்து தன்னார்வலர்களை வரவேற்கின்றன. எனினும் ஒரு வாரக் கூலியை இழக்க முடியாதவர்க்கு அந்த வரவேற்பால் பயனில்லை. உழைப்போடு அதிகாரமும் சேர்ந்தே வருவது நல்லது என்று மேலே கூறப்பட்டது. அதற்கும் ஒரு விலை உண்டு. ஓய்வு வாய்த்தவரே உழைக்க, உழைத்தவரே முடிவெடுக்க, பொதுநிலத்தைப் பற்றிய முடிவுகளில் ஓய்வற்றவரின் குரல் குறைகிறது. கூலி பெறும் இளைஞர் குழுக்களைத் தன்னார்வலரோடு இணைத்து அமர்த்துவது இதற்கு ஓரளவு மாற்று. அதற்கும் அரசு நிதி வேண்டும்.

இந்நிலையில் தன்னார்வலர் செய்ய வேண்டியது என்ன? வேலையை நிறுத்தி அரசை நெருக்கலாம் என்பது ஒரு வழி. ஆனால் நெருக்கடி அரசுக்கு உறைக்கும் முன் மண் போய்விடும்; அரித்துச் சென்ற மேல்மண் நிதி ஒதுக்கியதும் திரும்பி வராது. பேசாமல் தொடர்வது மற்றொரு வழி. அது அரசின் தவறான கணக்குக்கு ஒப்புதல் கொடுத்ததாகும். இரண்டையும்விட ஏற்கத்தக்கது, கடமையின் எல்லையை வெளிப்படையாக வரைந்துகொண்டு உழைப்பது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தென் அப்பலாச்சிய மலைகளைத் தாக்கியபோது, டென்னசியின் எர்வின் நகரருகே நோலிச்சக்கி ஆற்றின்மேல் நடைவழியைத் தாங்கியிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. வீழ்ந்த மரங்களை அறுத்து வழி திறக்கத் தன்னார்வலர் திரண்டார்கள். பாலத்தைக் கட்ட அவர்களால் இயலாது, அவர்களிடம் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பாலத்தில் எளிதாகத் தெரியும் இந்த எல்லை, வடிகால் கட்டையிலும் கற்படியிலும் தெரிவதில்லை. அங்கும் அதை வரைய வேண்டும். வழியைத் திறந்து வைத்திருப்பதும் பேணத் தேவையான ஊழியரை அமர்த்துவதும் அரசின் கடன். அதற்கு மேல் வழியைச் செம்மையாக்குவதும் அதன் அறிவைக் காப்பதும் தன்னார்வலரின் கொடை. ஒவ்வோர் ஆண்டும் நடைவழிச் சங்கங்களின் பேராளர்கள் வாஷிங்டனுக்குச் சென்று மக்கள் பிரதிநிதிகளைச் சந்தித்து, தாங்கள் உழைத்த மணி நேரங்களைத் தாளில் அச்சிட்டுப் பெருமையோடு எடுத்துரைப்பது வழக்கம். அதே தாளில், அந்தந்த வனக்கோட்டத்தில் நிரப்பப்படாமல் கிடக்கும் பணியிடங்களையும், ஊழியர் இல்லாமையால் கைவிடப்பட்ட வேலைகளையும் எதிர்ப்பத்தியில் அச்சிட்டு அவர்கள் கொடுப்பார்களானால், நிதிக்குழு உறுப்பினர் எவரும் முதற்பத்தியை மட்டும் படித்துப் பாராட்டிவிட்டு அடுத்த துறையின் கணக்குக்குப் போக இயலாது.