ஆயுதம் தொடாதவர்களும் அவர்களது அயலும்

தன்னைக் கொல்ல வருபவனுக்கு எதிராகக் கை ஓங்காதிருக்க ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. ஆதமின் மகன் ஹாபில் அப்படித்தான் நின்றார். ஆனால் தன் பிள்ளையைக் கொல்ல வருபவனுக்கு முன்னாலும் ஒருவன் அப்படியே நிற்கலாமா? ஒரு முழுச் சமூகமே அப்படி நிற்பதென்று முடிவெடுத்தால் அதன் விலையை யார் கொடுப்பது? இந்தக் கேள்வியோடு ஏறத்தாழ ஐந்நூறு வருடங்கள் வாழ்ந்து பார்த்த ஒரு கிறிஸ்தவச் சமூகம் உண்டு. மெனோனைட்டுகள் என்பது அவர்கள் பெயர்.

1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர் ஒன்றுகூடி, விசுவாசம் என்பது வளர்ந்த மனிதன் அறிந்து ஏற்பது, குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று கூறி மீண்டும் ஞானஸ்நானம் பெற்றார்கள். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒருவரையொருவர் வெறுத்த அக்காலத்தில், இவர்களை வெறுப்பதில் மாத்திரம் இருசாராரும் ஒற்றுமையாக இருந்தனர். 1527 இல் பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மறுபுறம், இதே இயக்கத்தின் ஒரு பிரிவினர் 1534 இல் மூன்ஸ்டர் நகரை வாளால் கைப்பற்றி இறையாட்சி என்ற பெயரில் நடத்திய கூத்து அடுத்த வருடம் இரத்தத்தில் முடிந்தது. அதன் பின்னரே, 1536 இல் பாதிரிப் பதவியைத் துறந்து வந்த மெனோ சைமன்ஸ், சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டி வாளை விடச் சொன்னார். ஆக, இவர்களது அஹிம்சை வன்முறையை அறியாதவர்களின் அப்பாவித்தனம் அல்ல.

1569 இல் ஒல்லாந்தில் டேர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி, உறைந்து கிடந்த நீரின்மேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். காப்பாற்றப்பட்டவன் இவரை விட்டுவிடவே விரும்பினான். கரையில் நின்ற நகரத் தலைவரோ அவன் செய்த சத்தியப் பிரமாணத்தை ஞாபகமூட்டினார். வில்லெம்ஸ் பிடிக்கப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார். மெனோனைட்டுகள் தம் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லும் கதை இது. என்னை இது கலங்கச் செய்கிறது. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு இது பதிலல்ல. வில்லெம்ஸ் கொடுத்தது தன்னுடைய உயிரை. அவர் பின்னால் ஒரு கிராமம் நிற்கவில்லை.

கிராமங்கள் நின்றது உக்ரேனில். 1789 முதல் பிரஷியாவிலிருந்து மெனோனைட்டுகள் அங்கு குடியேறினர். அதற்கு முன்னரே பேரரசி கத்தரீன் வெளிநாட்டுக் குடியேறிகளுக்கு அழைப்பு விடுத்திருந்தாள். 1800 இல் சார் மன்னன் போல், இராணுவ சேவையிலிருந்து இவர்களுக்கு என்றென்றைக்கும் விலக்களித்துப் பட்டயம் கொடுத்தான். குடும்பமொன்றுக்கு ஏறக்குறைய 175 ஏக்கர் நிலம் கிடைத்தது. கடும் உழைப்பாளிகள், கோதுமையும் ஆலைகளும் பெருகின. அயல் கிராமத்து உக்ரேனிய விவசாயிகள் இவர்களிடம் கூலிக்கு வந்தார்கள். இவர்கள் எவரையும் அடிக்கவில்லை, எவரோடும் போருக்குப் போகவில்லை. ஆனால் அந்தச் சமாதானத்துக்கு வேலியாக நின்றது சாரின் வாள். 1874 இல் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் வந்தபோது பதினெண்ணாயிரம் பேரளவில் வட அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆயுத சேவைக்குப் பதிலாகக் காடு வளர்க்கும் பணியை ஏற்று அங்கேயே தங்கினார்கள்.

1917 இல் வேலி விழுந்தது. சிறுவயதில் ஜேர்மன் குடியேறிகளின் பண்ணைகளில் வேலை செய்த நெஸ்டர் மாக்னோ என்பவன் விவசாயிகளைத் திரட்டிப் படை நடத்தினான். கொள்ளை, கொலை, பெண்கள் மீதான வன்முறை. 1918 இல் உக்ரேனைப் பிடித்திருந்த ஜேர்மன் படையினர் மெனோனைட் வாலிபர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். அவ்வருடம் லிக்டெனாவ் என்ற ஊரில் கூடிய சபைப் பெரியவர்கள், ஆயுதம் ஏந்தாமையே நமது கொள்கை என்று மீண்டும் சொன்னார்கள்; ஆயினும் ஏந்துபவர்களைத் தடுக்கவில்லை, அவரவர் மனச்சாட்சிக்கு விட்டார்கள். கிழக்கில் ஊர்காவல் படைக்கு மகனை அனுப்பிவிட்டு சுபஹ் வரை விழித்திருந்த தாய்மாருக்கு அந்தக் கூட்டத்தின் மௌனங்களை நான் விளக்கத் தேவையில்லை.

ஜேர்மனியர் அதே வருட இறுதியில் போய்விட்டார்கள். துப்பாக்கிகள் மிஞ்சின. சில மாதங்கள் சண்டையிட்ட காவற்படை 1919 மார்ச்சில் சிதறியது. அவ்வருட இலையுதிர் காலத்தில் ஐஹென்ஃபெல்ட் கிராமத்தில் ஓர் இரவில் எண்பது பேரளவில் கொல்லப்பட்டார்கள்.

துப்பாக்கி எடுத்த வாலிபர்களை என்னால் குற்றவாளிகளாகப் பார்க்க முடியவில்லை. தன் குடும்பத்தைக் காக்கும்போது கொல்லப்படுபவர் ஷஹீத் என்பது நமது மார்க்கம். எனது தடுமாற்றம் வேறு. அந்தத் துப்பாக்கி யார் கையிலிருந்து வந்தது? அயலவனின் தானியத்தைப் பறித்துக்கொண்டிருந்த அந்நியப் படையின் கையிலிருந்து. அதை வாங்கிய கணத்தில் அவர்கள் தற்காப்பாளர்கள் மாத்திரமல்ல, அயலவனின் பார்வையில் ஒரு தரப்பாகவும் ஆனார்கள். இன்னும் ஒன்று: ஆயுதம் தொடுவதா இல்லையா என்று நூறு வருடமாக நுணுக்கமாக ஆராய்ந்த சபைகள், கூலிக்காரனின் பிள்ளை எதைத் தின்கிறது என்பதை அதே நுணுக்கத்தோடு ஆராயவில்லை. வன்முறை பற்றிய கேள்வி துப்பாக்கியோடு வாசலுக்கு வருமுன்னரே வயலில் தொடங்கிவிட்டது. 1941 இல் ஜேர்மன் படை மீண்டும் வந்தபோது இதே ஊர்களின் வாலிபர்கள் சிலர் நாஸிப் படைகளில் சேர்ந்ததையும் மறைக்க முடியாது. அப்போது அது தற்காப்பாக இருக்கவில்லை.

ஆனால் இதே மக்களின் இன்னொரு கிளை வேறு விதமாகவும் வாழ்ந்தது. இராணுவ சேவைக்கு அஞ்சியும், கியாமத் நெருங்கிவிட்டது என்று நம்பியும் 1880 இல் சில குடும்பங்கள் ரஷ்யாவிலிருந்து மத்திய ஆசியாவுக்குப் புறப்பட்டன. புகாரா அமீர் இடம் மறுத்தார். எல்லையருகே செராபுலாக் என்ற முஸ்லிம் கிராமம் குளிர்காலத்துக்கு அவர்களை ஏற்றது. தங்கள் பள்ளிவாசலையே அவர்களது ஆராதனைக்குத் திறந்து கொடுத்தது. பின்னர் கீவா கானின் ஆட்சிப் பகுதிக்குள் போனபோது துர்க்மென் கொள்ளையர் குதிரைகளைக் கவர்ந்து ஒருவரைக் கொன்றார்கள். 1884 இல் கான் அவர்களைத் தன் தலைநகருக்கு அண்மையில் அக் மசீத் என்ற இடத்தில் குடியேற்றினார். இங்கும் அவர்கள் இன்னொருவரின் வாளின் நிழலில்தான் இருந்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெருநிலம் கிடையாது. தச்சு வேலை செய்தார்கள், தோட்டம் செய்தார்கள், கானின் மாளிகைக்குத் தளம் போட்டார்கள். ஐம்பது வருடங்கள் அயலோடு வாழ்ந்தார்கள். 1935 இல் அவர்களை அங்கிருந்து வேரோடு பிடுங்கி நாடுகடத்தியது சோவியத் அரசு, அயலவர்கள் அல்லர்.

அவர்களில் வில்ஹெல்ம் பென்னர் என்ற ஆசிரியரிடம் குதைபெர்கன் தேவனோவ் என்ற கீவா முஸ்லிம் இளைஞர் கமராவைக் கற்றார். பழைய கீவாவின் வீதிகளும் மினாராக்களும் மனித முகங்களும் இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் அந்த இளைஞர் எடுத்த படங்களில்தான்.