பதினோரு வயதுத் தேர்வும் நீதியும்

இங்கிலாந்தில் 1944 கல்விச் சட்டத்துக்குப் பின், பதினோரு வயதில் எழுதும் தேர்வே பிள்ளையின் பள்ளியைத் தீர்மானித்தது. தேறியவர்களுக்கு உயர்கல்விக்கு ஆயத்தப்படுத்தும் கிராமர் பள்ளி. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு நடைமுறைக் கல்வி சார்ந்த செகண்டரி மாடர்ன் பள்ளி. கென்ட் பகுதியில் இத்தேர்வு இன்றும் உண்டு. பிறப்பைவிடத் திறமையே நியாயமான அளவுகோல் என்பது இதன் வாதம். ஆனால் திறமையும் வீட்டில்தான் விளைகிறது. டியூஷனுக்குப் பணம் கட்டிய வீட்டுப் பிள்ளையும் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே வினாத்தாளை எழுதிவிட்டால் அது சமப்போட்டி ஆகிவிடாது. இயல்பான திறனும் தற்செயலாக வாய்ப்பதே என்று 1971-இல் தத்துவவியலாளர் ஜான் ரால்ஸ் வாதிட்டார். தனியார் பள்ளியிலோ கட்டணமே நுழைவுச்சீட்டு. பிள்ளைக்கு நல்லது தேடும் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. வாய்ப்பை விற்பனைக்கு வைத்த அமைப்பே அநீதியானது. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. கிராமர் பள்ளிகளின் தேர்வு அப்படியே தொடர்கிறது.