குளிக்க ஒரு மறைவிடம்

ஜப்பானில் வேலை பார்க்கும் என் சகோதரி மகன் ஒரு மஸ்அலா கேட்டு எழுதியிருந்தான். "மாமு, விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைப்பக்கம் போக எண்ணியிருக்கிறேன். அங்கே வெந்நீர் ஊற்று விடுதிகள் இருக்கின்றன. பொதுத் தொட்டியில் உடம்பில் ஒரு துணியும் இல்லாமல்தான் இறங்க வேண்டுமாம். தனிக் குளியலறையும் வாடகைக்குக் கிடைக்கிறது. நாங்கள் போகலாமா? ஷரீஅத்தில் தடை உண்டா?"

கேள்வி போடிக்கு வெகுதூரத்திலிருந்து வந்தது. ஆனால் அதற்குப் பதில் தேடப் புறப்பட்ட நான், கடைசியில் போடிமெட்டு மலையில் போய் நின்றேன். அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த விடுதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் எரிமலைகள் நிறைந்த நாடு. பூமிக்கடியில் சூடேறிய நீர் பல ஊர்களில் ஊற்றாக வெளிவருகிறது. அதை ஓன்சென் என்கிறார்கள். 1948-இல் அவர்கள் இயற்றிய சட்டப்படி, ஊறும் இடத்தில் நீரின் வெப்பம் 25 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட தாதுப்பொருள்கள் அதில் கலந்திருக்க வேண்டும். ஊற்றை ஒட்டிய பழைய பாணி விடுதிக்கு ரியோக்கான் என்று பெயர். தரையில் கோரைப் பாய், உடுத்திக்கொள்ள ஒரு பருத்தி அங்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் குளியல் தொட்டி. தொட்டியில் இறங்குமுன் சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்புப் போட்டு, அழுக்கு நீங்கக் கழுவிக்கொள்ள வேண்டும். பிறர் இறங்கும் நீரை அசுத்தப்படுத்தக் கூடாது என்ற அந்த ஒழுங்கு பாராட்டத் தக்கது. ஆயினும் தொட்டிக்குள் சிறு துண்டைக்கூட அனுமதிக்காதது பெரும்பாலான இடங்களில் வழக்கம். கூச்சமுள்ளவர்களுக்காகவும் குடும்பத்தினருக்காகவும், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் தனிக் குளியலறையைப் பல விடுதிகள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன.

இதில் சட்டம் தெளிவானது. ஆண் மற்ற ஆண்களுக்கு முன்னும் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தாக வேண்டும். முஸ்லிம் பெண்களுக்கிடையிலும் அவ்வளவு மறைப்பு கடமை. முஸ்லிமல்லாத பெண்களுக்கு முன் இன்னும் அதிகம் என்பது இமாம்கள் பலரின் கருத்து. ஆகவே பொதுத் தொட்டி நமக்கு ஆகாது. அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் இடுப்பில் துணியின்றிப் பொதுக் குளியலகம் புகலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தாழிட்ட தனி அறையில் கணவனும் மனைவியும் குளிப்பதற்குத் தடை இல்லை. தாமும் அண்ணலாரும் ஒரே பாத்திரத்து நீரில் குளித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். தனிமையிலும் அல்லாஹ்வுக்கு வெட்கப்படுவதே மேல் என்பதை மறவாதே என்று ஒரு வரி சேர்த்து மருமகனுக்கு எழுதிப் போட்டேன்.

பதில் எழுதி முடித்த பிறகும் மனம் அதிலேயே நின்றது. மறைவாகக் குளிப்பது பற்றி நம் மார்க்கம் ஏன் இவ்வளவு பேசுகிறது?

திறந்த வெளியில் துணியின்றிக் குளித்த ஒருவரை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். உடனே மிம்பர் மீது ஏறி, அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவன் வெட்கத்தையும் மறைப்பையும் நேசிக்கிறான், குளிப்பவர் மறைத்துக்கொள்ளட்டும் என்று உபதேசித்தார்கள். அந்த மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. உடலை மறைக்கச் சொன்ன வாய், அவர் மானத்தையும் மறைத்தது.

மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில், உம்மு ஹானி (ரலி) அவர்கள் நபியவர்களைக் காண வந்தார்கள். அப்போது அண்ணலார் குளித்துக்கொண்டிருக்க, அருமை மகள் ஃபாத்திமா (ரலி) அவர்கள் துணியால் மறைத்து நின்றார்கள். ஊரையே வென்ற தலைவருக்கு அன்று வாய்த்த குளியலறை ஒரு துணியும், அதைப் பிடிக்க ஒரு கையும்தான். மறைப்புக்குச் செல்வம் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அக்கறை இருந்தால் போதும்.

இந்த எண்ணத்தோடுதான் சென்ற ஐப்பசியில் மலையேறினேன். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் ஏலத்தோட்டங்கள். நம்மவர் பலருக்கு அங்கே தோட்டம் உண்டு. எங்கள் குடும்பத்துக்கும் சிறு பங்கு உண்டு. காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்தேன். காற்றுப் புகாத சுவர், சூட்டுக் குழாய், நல்ல கதவு, பெரிய பூட்டு. காய்க்கு ஈரம் பட்டால் நிறம் போய்விடும். போடி ஏலத்தில் விலை போய்விடும். அதற்காக எவ்வளவு கவனம்!

திரும்பும் வழியில் ஓடைப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. காய் எடுக்கும் பெண்கள், பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பனியில் நடுங்கி அவசரமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் பாதைப் பக்கம் ஒரு பழைய சேலையை விரித்துப் பிடித்திருந்தார்கள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு வேறு வழியே நடந்தேன். அந்தச் சேலை ஃபாத்திமா (ரலி) அவர்களின் துணியை நினைவூட்டியது. என் தோட்டத்தில் காய்க்குக் கதவு இருந்தது. காய் எடுக்கிறவளுக்கு இல்லை. இந்தக் குற்றத்தை வேறு யார் தலையில் போடுவேன்?

அந்தப் பெண்களின் வேலையை எண்ணிப் பாருங்கள். நாள் முழுதும் மழையிலும் அட்டைக்கடியிலும் செடியடியில் குனிந்து எடுக்கும் வேலை. ஏலச் செடிக்கு அடிக்கும் மருந்து கையிலும் துணியிலும் ஒட்டும். குளிப்பு அவர்களுக்குச் சுகமன்று, அவசியம். கீழிருந்து ஜீப்பில் வந்து போகிறவர்களுக்கோ நனைந்த துணி மாற்றவும் மறைவிடம் கிடைப்பதில்லை. தொழிலாளிக்குக் குடியிருப்பும் குடிநீரும் கழிப்பிடமும் தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதியது. சட்டம் எழுதாததையும் ஈமான் கேட்கும்.

"அவர்களுக்கு அது பழக்கம்தானே, கூச்சம் கிடையாது" என்று சிலர் சொல்லலாம். கூச்சம் இல்லாவிட்டால் அந்தச் சேலையை ஏன் பிடித்தார்கள்? வேறு வழியில்லாமல் வந்த பழக்கத்தைச் சம்மதம் என்று எண்ணுவது நம் வசதிக்கான சமாதானம். "அவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் அல்லவே" என்பாரும் உண்டு. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணவும் உடுத்துவதை உடுத்தவும் கொடுங்கள் என்ற நபிமொழியைச் சொல்லித் தப்ப முடியாத இடம் இது. கூலி கொடுத்ததோடு அந்தப் பொறுப்பு தீர்வதில்லை.

இன்னொன்று. மய்யித்தைக் குளிப்பாட்டும்போதும் தொப்புள் முதல் முழங்கால் வரை துணி போர்த்துகிறோம். கையில் துணி சுற்றிக்கொண்டு கழுவுகிறோம். பிறர் பார்வை படாமல் திரை கட்டுகிறோம். உயிர் போன உடலுக்கே அத்தனை கண்ணியம் செய்யும் சமுதாயம், உயிரோடு நமக்காக உழைக்கும் பெண்ணை வெட்டவெளியில் விடலாமா?

ஜப்பான் விடுதியில் மறைப்பு காசுக்குக் கிடைக்கிறது. அதில் குற்றம் இல்லை. ஆனால் நம்மிடத்தில் மறைப்பு விலைக்குரிய வசதியன்று. ஒருவருக்கொருவர் செலுத்த வேண்டிய உரிமை. என் குடும்பத்துக்குத் தாழிட்ட அறை தேடும் நான், என்னிடம் உழைப்பவருக்கு ஒரு தட்டியாவது கட்டித் தந்தேனா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய செலவொன்றும் இல்லை. நான்கு சுவர், மேலே தகரம், உள்ளே தாழ்ப்பாள், ஓடையிலிருந்து ஒரு குழாய், வெந்நீர் வைக்க ஓர் அடுப்பு. எங்கள் தோட்டத்தில் தை மாதத்தில் அது எழுந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாமதமாகச் செய்தேன் என்றே சொல்கிறேன்.

தோட்டம் இல்லாதவர்களும் தம் வீட்டைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு முகம் கழுவி உடை மாற்ற இடம் உண்டா? கூட்டுக் குடும்பத்து மருமகள் குளிக்கும் அறையின் கதவு சரியாக மூடுகிறதா? படுக்கையில் கிடக்கும் வயோதிகத் தாயைக் குளிப்பாட்டும்போது போர்வை பிடிக்க ஒருவர் இருக்கிறாரா?

அடியார்களின் குறைகளை மறைப்பவன் அல்லாஹ். பிறர் மானத்தை மறைக்கும் நல்ல உள்ளத்தை நமக்குத் தந்து, மறுமையில் நம் குறைகளையும் அவன் மறைப்பானாக. ஆமீன்.